மெய்நிகர்க் கருவியை மடிக்கணினி தாங்குமா? – ஒரு கேள்வியின் வரலாறு

ஒரு கருவி மற்றொரு கருவியோடு பொருந்துமா, பொருந்தாதா என்னும் கேள்வி கடைத்தெருக் கேள்வியே அன்றி வரலாற்றுக் கேள்வி ஆகாது என்று அன்பர்கள் சிலர் எண்ணக்கூடும். சில ஆண்டுகளுக்கு முன்புவரை நானும் அவ்வாறே எண்ணியிருந்தேன். அவ்வெண்ணம் தவறு என்பதை எனக்கு உணர்த்தியது, எங்கள் பள்ளியின் கூட்டக் குறிப்பேட்டில் என் கையாலேயே நான் எழுதி வைத்த ஒரு வரியாகும். நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன்.

எங்களுடையது தோட்டப் பள்ளி. தோட்டத்தை விட்டு நகரங்களில் குடியேறிவிட்ட பழைய மாணவர்கள் ஒன்றுகூடி, அறிவியல் வகுப்பில் பயன்படுத்துவதற்காக மெய்நிகர்க் காட்சிக் கருவி ஒன்றை ஏற்பாடு செய்ய முன்வந்தார்கள். கண்களை மூடியவாறு தலையில் மாட்டிக்கொள்ளும் இக்கருவியை இளைஞர்கள் வி.ஆர். ஹெட்செட் என்பர். அதை அணிந்தவருக்குத் தம் முன் ஒரு திரை இருக்கிறது என்ற எண்ணமே மறைந்துபோகும். கடலடியிலோ நிலவிலோ தாமே நிற்பதுபோல் தோன்றும். தலையைத் திருப்பினால் காட்சியும் திரும்பும். ஹெட்செட்டைத் தாம் பயன்படுத்திய பழையதையே ஒருவர் அன்பளிப்பாகத் தந்துவிட்டார். அதை இயக்க ஒரு கணினி வேண்டும். திரட்டிய பணத்தில் விளையாட்டுக்கென்றே செய்யப்படும் மடிக்கணினி, அதாவது கடைக்காரர் மொழியில் கேமிங் லேப்டாப், ஒன்றை வாங்க முடிவாயிற்று. தேர்ந்தெடுக்கும் பொறுப்பு இளம் ஆசிரியை ஒருவரிடம் ஒப்படைக்கப்பட்டது.

அவர் பொறுப்பாகவே நடந்துகொண்டார். கடைக்காரரின் இசைவைப் பெற்று, வாங்கவிருந்த கணினியிலேயே ஒரு சோதனை நிரலை ஓட்டிப் பார்த்தார். முடிவு பச்சைப் பகுதியில் நின்றது. வாங்கினோம். பள்ளியில் பிள்ளைகள் வரிசையாக நிற்க, ஹெட்செட்டின் கம்பியைக் கணினியில் செருகி, முதல் மாணவிக்கு மாட்டிவிட்டோம். "என்ன தெரியுதும்மா?" என்று கேட்டேன். "ஒன்னுமே தெரியல சார், இருட்டா இருக்கு" என்றாள்.

அடுத்து வந்த பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில், "பச்சை காட்டுச்சுன்னு சொன்னீங்களே டீச்சர்?" என்று ஒருவர் கேட்டார். ஆசிரியை தம் கைப்பேசியில் எடுத்து வைத்திருந்த சோதனைப் படத்தைக் காட்டினார். அதை வாங்கிப் பார்த்தவர் எவருமில்லை. "போதிய சோதனை செய்யாமல் வாங்கப்பட்டது" என்று குறிப்பேட்டில் எழுதியவன் நான்.

அந்தப் பச்சை எங்கிருந்து வந்தது, இருட்டு எங்கிருந்து வந்தது என்று பின்னர்த் தேடப் புகுந்தபோதுதான், இக்கேள்விக்கு ஐம்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு என்பதைக் கண்டேன்.

இக்கருவியின் வேர் கணினிக்கும் முந்தியது. நம் இரு கண்களும் ஒரே பொருளைச் சற்றே வேறுபட்ட இரு கோணங்களில் காண்கின்றன; அவ்வேறுபாட்டிலிருந்தே மூளை ஆழத்தை உணர்கிறது. இதனை இலண்டனைச் சேர்ந்த சார்லஸ் வீட்ஸ்டன் 1838-ஆம் ஆண்டில் அரசவை அறிவியற் கழகத்தின் முன் விளக்கினார். இரு கண்ணாடிகளை வைத்து, கண்ணுக்கு ஒரு படமாகக் காட்டும் கருவியையும் அவர் அமைத்தார். இன்றைய ஹெட்செட்டும் அடிப்படையில் அதே வேலையைத்தான் செய்கிறது. ஆயின் வீட்ஸ்டன் காட்டியவை அசையாப் படங்கள். பார்ப்பவர் தலையைத் திருப்பினால் படம் மாறாது. தலை திரும்புந்தோறும் புதிய படம் வரைய வேண்டுமானால், வரைவதற்கு ஒருவர் வேண்டும். அவர் மின்னல் வேகத்தில் வரைபவராகவும் இருத்தல் வேண்டும்.

அவ்வேலையைக் கணினியிடம் கொடுத்தவர் ஐவன் சதர்லாந்து என்னும் அமெரிக்க அறிஞர். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் பாப் ஸ்ப்ரௌல் முதலிய மாணவர்களின் துணையோடு அவர் உருவாக்கிய தலைக்கருவியைப் பற்றிய கட்டுரை 1968-ஆம் ஆண்டில் வெளிவந்தது. கண்ணுக்கு ஒன்றாக இரு சிறிய கதிர்க் குழாய்த் திரைகள் அதில் இருந்தன. தலை எப்பக்கம் திரும்புகிறது என்பதை அளக்கக் கூரையிலிருந்து ஓர் இயந்திரக் கை தொங்கியது. தலைக்கு மேல் கத்தி தொங்கிய கிரேக்கக் கதையை நினைத்து, அதற்கு டமாக்ளிஸின் வாள் என்று பெயரிட்டார்கள். காட்டப்பட்டவையோ வெறும் கோடுகள்: கோட்டாலான ஓர் அறை, அதன் சுவர்கள், அவ்வளவே.

அக்கட்டுரையில் நாம் கருத்திற் கொள்ள வேண்டிய செய்தி ஒன்று உண்டு. அன்று கிடைத்த பொதுவான கணினி எதுவும் நடுக்கமில்லாத படத்தைத் தேவையான வேகத்தில் கணக்கிட்டுத் தராது என்று சதர்லாந்து குழுவினர் கண்டனர். ஆகையால் கணக்கின் கடினமான பகுதிகளைச் செய்வதற்கென்றே இரண்டு தனி மின்னணுக் கருவிகளைக் கட்டிச் சேர்த்தார்கள். ஒன்று அணிகளைப் பெருக்குவது. மற்றொன்று பார்வை எல்லைக்கு அப்பாற்பட்ட கோடுகளை வெட்டி நீக்குவது. இன்று கிராபிக்ஸ் அட்டை என்று விற்கப்படும் பொருளின் முன்னோர்கள் என்று இவற்றைக் கூறினால் மிகையாகாது. "இக்கணினி இக்கருவியைத் தாங்குமா?" என்னும் கேள்வி தலைக்கருவி பிறந்த அன்றே உடன்பிறந்தது. அன்றைய விடை, "தாங்காது, தனிக்கருவி சேர்த்தாலொழிய" என்பதாம்.

அடுத்த இருபது ஆண்டுகளை விரைந்து கடந்துவிடலாம். 1980-களின் பிற்பகுதியில் ஜாரன் லேனியர் என்பாரின் வி.பி.எல். நிறுவனம் 'ஐஃபோன்' என்ற தலைக்கருவியை விற்றது. இன்றைய கைப்பேசியோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டா. இங்கு 'ஐ' என்றது கண்ணை. அந்நிறுவனத்தின் முழுத் தொகுதிக்கு இரண்டு சிலிக்கான் கிராபிக்ஸ் கணினிகள் தேவைப்பட்டன. இடக்கண்ணுக்கு ஒன்று, வலக்கண்ணுக்கு ஒன்று! இத்தகைய தொகுதி ஆய்வுக்கூடங்களையும் பெருநிறுவனங்களையும் தாண்டி வீடுகளுக்கு வரவில்லை. 1995-ஆம் ஆண்டில் நின்டெண்டோ நிறுவனம் சிவப்பு நிறம் மட்டுமே காட்டும் 'வர்ச்சுவல் பாய்' என்னும் மலிவுக் கருவியை வெளியிட்டது. ஓராண்டு நிறைவதற்குள் அதன் விற்பனை நிறுத்தப்பட்டது.

மீண்டும் இத்துறைக்கு உயிர் வந்தது 2012-ஆம் ஆண்டில். பால்மர் லக்கி என்னும் அமெரிக்க இளைஞர், கைப்பேசித் திரைகள் மலிந்துவிட்ட நிலையைப் பயன்படுத்தி 'ஆக்குலஸ் ரிஃப்ட்' என்னும் கருவியைச் செய்ய முனைந்து, பொதுமக்களிடம் 2,50,000 டாலர் கேட்டார். கிடைத்ததோ ஏறத்தாழ 24 இலட்சம் டாலர். 2014-ஆம் ஆண்டில் ஃபேஸ்புக் நிறுவனம் ஆக்குலஸை ஏறத்தாழ 200 கோடி டாலருக்கு வாங்கியது. கருவி கடைக்கு வரும் நாள் நெருங்க நெருங்க, "என் வீட்டுக் கணினி போதுமா?" என்ற கேள்வி ஆயிரமாயிரம் வாய்களிலிருந்து எழுந்தது.

2015 மே மாதத்தில் ஆக்குலஸின் தலைமை வடிவமைப்பாளர் ஆட்மன் பின்ஸ்டாக் அதற்கு விடையளித்தார். ஜிடிஎக்ஸ் 970 அல்லது அதற்கு இணையான கிராபிக்ஸ் அட்டை, ஐ5-4590 அல்லது அதற்கு மேற்பட்ட செயலி, 8 ஜிகாபைட் நினைவகம், இவையே பரிந்துரை. இவ்வளவு ஏன் தேவை என்பதற்கு அவர் ஒரு கணக்கையும் காட்டினார். ஆறாம் ஆண்டு மாணவனும் போட்டுப் பார்க்கத்தக்க கணக்கு அது. ஆகவே ஈண்டு போட்டுக் காட்டுகிறேன்.

வழக்கமான விளையாட்டுத் திரையில் கிடையாக 1920, செங்குத்தாக 1080 படப்புள்ளிகள். வினாடிக்கு 60 படங்கள். பெருக்கினால் வினாடிக்கு ஏறத்தாழ 12 கோடியே 44 இலட்சம் புள்ளிகள். ரிஃப்டின் இரு திரைகளையும் சேர்த்தால் 2160, 1200. வினாடிக்கு 90 படங்கள். பெருக்கினால் 23 கோடியே 32 இலட்சம். ஏறத்தாழ இரு மடங்கு ஆகிறது. இத்தோடு முடிவதில்லை. உருப்பெருக்கிக் கண்ணாடி வழியே படம் வளைந்து தெரியும்; அவ்வளைவை முன்கூட்டியே எதிர்ப்புறமாக வளைத்துச் சரிசெய்ய வேண்டியிருப்பதால், காட்டப்படுவதைவிடப் பெரிய படத்தைக் கணினி வரைந்தாக வேண்டும். அதனையும் சேர்த்தால் வினாடிக்கு ஏறத்தாழ 40 கோடி புள்ளிகள் என்றார் பின்ஸ்டாக். முன்னதன் மூன்று மடங்குக்கும் மேல்!

வினாடிக்கு 90 படங்கள் என்றால் ஒரு படத்துக்குக் கிடைக்கும் நேரம் ஆயிரத்தை 90-ஆல் வகுத்தால் வரும்: ஏறத்தாழ 11 மில்லி வினாடி. சாதாரண விளையாட்டில் ஒரு படம் பிந்திவிட்டால் காட்சி சற்றுத் தடுக்கும். ஆடுபவர் முணுமுணுத்துவிட்டுத் தொடர்வார். ஹெட்செட்டில் அவ்வாறன்று. தலை திரும்பிவிட்டது, காட்சி திரும்பவில்லை என்றால் காதிலுள்ள சமநிலை உறுப்பு ஒன்றைச் சொல்லும், கண் வேறொன்றைச் சொல்லும், வயிறு புரட்டும். பேருந்தில் மலைப்பாதை ஏறும்போது புத்தகம் படித்தவர்களுக்கு இந்த அனுபவம் புதிதன்று. தலையசைவுக்கும் படமாற்றத்துக்கும் இடையே 20 மில்லி வினாடிக்கு மேற்படலாகாது என்பது அக்காலத்தில் இத்துறையினர் வகுத்துக்கொண்ட எல்லை. எனவே கணினி வலிமையானதா என்ற கேள்விக்குள், நேரந்தவறாததா என்ற கேள்வியும் அடங்கிக் கிடந்தது.

பெரும்பாலான கணினிகள் இத்தேர்வில் தேறவில்லை. 2016-ஆம் ஆண்டில் உலகில் பயன்பாட்டிலிருக்கும் கணினிகளில் நூற்றில் ஒன்றுக்கும் குறைவானவையே இதற்குத் தகுதி பெறும் என்று கிராபிக்ஸ் அட்டைகளைச் செய்யும் என்விடியா நிறுவனமே மதிப்பிட்டது. அதே பின்ஸ்டாக், மடிக்கணினியைப் பற்றி இன்னும் கடுமையாகவே சொன்னார். அன்று சந்தையிலிருந்த மடிக்கணினிகளில் மிகப் பெரும்பாலானவற்றால் முடியாது என்பதே அவர் கூற்றின் சாரம். விளையாட்டுக்கென்றே பெரும்பொருள் கொடுத்து மடிக்கணினி வாங்கியிருந்தவர்கள் இதைப் படித்துக் கொதித்தெழுந்தனர். "என் கணினியிலும் 970 என்று எழுதியிருக்கிறதே, எனக்கு ஏன் இல்லை?" என்பது அவர்கள் வழக்கு.

இவ்வழக்கின் வேரில் இரு செய்திகள் இருந்தன.

முதலாவது பெயர் பற்றியது. மேசைக் கணினியின் அட்டைக்கு 970 என்று பெயர். மடிக்கணினியில் இருந்ததற்கு 970எம் என்று பெயர். எண் ஒன்றே, கடைசியில் ஓர் எழுத்து மட்டும் கூடுதல். உள்ளே பார்த்தாலோ, முன்னதில் 1664 கணக்கிடும் உட்கூறுகள், பின்னதில் 1280. வேகமும் குறைவு. இரண்டும் ஒரே குடும்பப் பெயரைத் தாங்கிய வெவ்வேறு பிள்ளைகள். வெப்பத்தை வெளியேற்ற இடமில்லாத மெல்லிய பெட்டிக்குள் வைக்க வேண்டியிருப்பதால் வலிமையைக் குறைக்க நேர்ந்தது என்பது நியாயமே. ஆயின் அதே எண்ணைச் சூட்டியது நியாயமா என்று கேட்டால், ஆசிரியத் தொழிலில் பல்லாண்டு கழித்த என்னால் ஆமென்று சொல்ல இயலவில்லை.

இரண்டாவது செய்தி நுட்பமானது. எங்கள் பள்ளியின் இருட்டுக்கு விடை இதில்தான் இருந்தது. ஆகவே சற்று விரிவாகவே சொல்கிறேன். மடிக்கணினிக்குள் படம் வரையும் சில்லுகள் இரண்டு இருப்பது வழக்கம். ஒன்று செயலியோடு பிறந்த எளிய சில்லு. கடிதம் எழுதவும் படம் பார்க்கவும் அது போதும், மின்சாரமும் குறைவாகவே தின்னும். மற்றொன்று விளையாட்டுக்கான வலிய சில்லு. மின்கலம் விரைவில் தீர்ந்துவிடாமல் இருக்க, வேண்டியபோது மட்டும் வலிய சில்லை எழுப்பி வேலை வாங்கும் 'ஆப்டிமஸ்' என்னும் முறையை என்விடியா 2010-ஆம் ஆண்டில் கொண்டுவந்தது. நல்ல சிக்கன ஏற்பாடு. ஆனால் அதில் ஒரு வழக்கம் ஒட்டிக்கொண்டது. வலிய சில்லு வரைந்த படம் நேரே திரைக்குப் போவதில்லை. அது எளிய சில்லின் நினைவுப் பகுதிக்குப் படியெடுக்கப்பட்டு, அங்கிருந்துதான் திரைக்குப் போகும்.

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்குவது எளிது. வெளிக்காட்டு வேலையைப் பார்த்தவர் ஒருவர்; ஆனால் துரைக்குப் போகும் தாள் கிராணியின் மேசை வழியாகவே போக வேண்டும். கிராணி அதைப் பார்த்து எழுதி, தம் கையால்தான் அனுப்புவார். வேலையில் குறையில்லை, தாளும் போய்ச் சேர்ந்துவிடுகிறது. சாதாரண நாளில் அந்தத் தாமதத்தை யாரும் பொருட்படுத்துவதில்லை. ஹெட்செட்டோ, வலிய சில்லோடு நேர்த்தொடர்பு வேண்டும் என்று அடம்பிடிக்கும் கருவி. பல மடிக்கணினிகளில் பக்கவாட்டிலுள்ள எச்.டி.எம்.ஐ. துளையும் எளிய சில்லோடுதான் இணைக்கப்பட்டிருந்தது. அத்தகைய கணினிகள், உள்ளே எவ்வளவு வலிய சில்லு இருந்தாலும், ரிஃப்டை இயக்கமாட்டா என்று பின்ஸ்டாக் 2015-லேயே வெளிப்படையாகக் கூறியிருந்தார். துளை எந்தச் சில்லோடு இணைக்கப்பட்டிருக்கிறது என்பதைப் பெட்டியின் மேல் அச்சிட்டு விற்ற கடையை நான் இதுவரை கண்டதில்லை.

ரிஃப்ட் 2016 மார்ச் 28-இல் 599 டாலருக்கும், வால்வ், எச்.டி.சி. நிறுவனங்களின் 'வைவ்' ஏப்ரலில் 799 டாலருக்கும் வெளிவந்தன. அதற்குள் கணினியைச் சோதிக்கும் நிரல்களும் வந்துவிட்டன. ஆக்குலஸ் தந்த நிரல் கணினியின் உறுப்புகளை விசாரித்து, தேவைப்பட்டியலோடு ஒப்பிட்டுச் சொல்லிற்று. இஃது விண்ணப்பதாரரின் சான்றிதழ்களைப் பார்ப்பது போன்றது. 2016 பிப்ரவரியில் வால்வ் வெளியிட்ட 'ஸ்டீம்விஆர்' சோதனை வேறு வகை. ஹெட்செட் இல்லாமலேயே, ஒரு மெய்நிகர்க் காட்சியைச் சில நிமிடம் கணினியில் ஓடவிட்டு, படங்கள் நேரத்தில் முடிகின்றனவா என்று அளந்து, சிவப்பு, மஞ்சள், பச்சை என்னும் மூன்று பகுதிகளில் ஒன்றைக் காட்டிற்று. ஆசிரியர் பயிற்சியில் நாங்கள் படித்த மொழியில் சொன்னால், முன்னது ஏட்டுச் சோதனை, பின்னது செய்முறைச் சோதனை.

செய்முறைச் சோதனையே மேல் என்பது எங்கள் பயிற்சிக் காலத்துப் பாடம். அப்பாடம் இங்கே பாதிதான் செல்லுபடியாகும். ஸ்டீம்விஆர் சோதனை அளந்தது வலிய சில்லு எவ்வளவு விரைவாக வரைகிறது என்பதை. வரைந்தது எந்தத் துளை வழியே வெளியேறும் என்பதை அது அளக்கவில்லை. ஹெட்செட்டே இல்லாத இடத்தில் எவ்வாறு அளக்கும்? ஆகவே ஒரே மடிக்கணினி அச்சோதனையில் பச்சையும் காட்டலாம், ஹெட்செட்டில் இருட்டும் காட்டலாம். இரண்டும் உண்மையே. எங்கள் ஆசிரியை ஓட்டிப் பார்த்தது இந்தச் சோதனையைத்தான்.

பின்னர் நிலைமை சற்று மாறிற்று. 2016 ஆகஸ்டில் வெளிவந்த ஜிடிஎக்ஸ் 10 வரிசை மடிக்கணினிச் சில்லுகள் அந்த 'எம்' எழுத்தை உதறின. மேசைக் கணினியின் 1060-இலும் மடிக்கணினியின் 1060-இலும் உட்கூறுகள் 1280 தான். பெயருக்கும் பொருளுக்கும் இருந்த இடைவெளி பெருமளவு குறைந்தது. அதே ஆண்டின் இறுதியில் ஆக்குலஸ் ஓர் உத்தியைப் புகுத்திற்று. கணினியால் வினாடிக்கு 90 படம் வரைய முடியாதபோது 45 மட்டும் வரைந்தால் போதும். இடையிலுள்ள படங்களை முந்தைய படங்களின் அசைவிலிருந்து ஊகித்து நிரலே நிரப்பிக்கொள்ளும். இதனால் குறைந்தபட்சத் தேவை ஜிடிஎக்ஸ் 960-க்கு இறங்கிற்று. கணினியை முதுகில் மூட்டையாகக் கட்டிக்கொண்டு ஹெட்செட் அணிந்து நடமாடும் வகையில் எம்.எஸ்.ஐ., சோட்டாக் முதலிய நிறுவனங்கள் முதுகுப்பைக் கணினிகளைச் செய்ததும் இக்காலத்தில்தான். அவை பரவவில்லை. பரவாமற்போனது வியப்புமன்று.

இங்கே கதை சுபமாய் முடிந்திருக்கலாம். முடியவில்லை. சில்லுகள் தேறியதும் கம்பிகள் தகராறு செய்யத் தொடங்கின. 2019-ஆம் ஆண்டில் வந்த ரிஃப்ட் எஸ் ஹெட்செட்டும், வால்வின் இன்டெக்ஸும் எச்.டி.எம்.ஐ. முனையைக் கைவிட்டு டிஸ்ப்ளேபோர்ட் என்னும் வேறு முனையை ஏற்றன. எச்.டி.எம்.ஐ. துளை மட்டுமே உள்ள மடிக்கணினி வைத்திருந்தவர், சில்லு எவ்வளவு வலியதாயினும், கைகட்டி நிற்க வேண்டியதாயிற்று. எல்லாக் கம்பிகளையும் ஒரே யூ.எஸ்.பி.-சி முனையில் அடக்கிவிடலாம் என்று என்விடியா, ஏ.எம்.டி., ஆக்குலஸ், வால்வ், மைக்ரோசாஃப்ட் ஆகிய ஐந்தும் 2018 ஜூலையில் கூடி 'வர்ச்சுவல்லிங்க்' என்னும் பொதுமுறையை அறிவித்தன. என்விடியா தன் அடுத்த அட்டை வரிசையில் அத்துளையை வைத்தும் விட்டது. அதைப் பயன்படுத்தும் ஹெட்செட் பெருவாரியாக வரவேயில்லை. 2020-ஆம் ஆண்டில் அம்முயற்சி கைவிடப்பட்டது.

மைக்ரோசாஃப்டின் கதை இன்னும் வருத்தந்தருவது. 2017 அக்டோபரில் அது 'விண்டோஸ் மிக்ஸ்டு ரியாலிட்டி' என்னும் ஏற்பாட்டைத் தொடங்கிற்று. எளிய சில்லு மட்டுமே உள்ள சில மடிக்கணினிகளிலும், வினாடிக்கு 60 படம் என்ற தாழ்ந்த அளவில் ஹெட்செட் இயங்க அது வழிசெய்தது. ஏழை எளியவருக்கு ஏற்ற முறை என்று நான் அதை மதித்தேன். கணினி தகுதியானதா என்று பார்க்கும் நிரலும் உடன் தரப்பட்டது. ஆனால் 2023 டிசம்பரில் இவ்வேற்பாடு கைவிடப்படுவதாக அறிவிப்பு வந்தது. 2024-இல் வெளிவந்த விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பில் அது நீக்கப்பட்டது. நேற்றுவரை தேர்வில் தேறிய கணினி, தன் மென்பொருளைப் புதுப்பித்துக்கொண்ட குற்றத்துக்காக மறுநாள் தேறாமற் போயிற்று.

கம்பித் தகராறு ஓய்ந்தது எதிர்பாராத வழியில். 2019 மே மாதத்தில் வந்த 'குவெஸ்ட்' என்னும் ஹெட்செட் தனக்குள்ளேயே ஒரு சிறு கணினியைக் கொண்டிருந்தது. அவ்வாண்டு நவம்பரில் அதையும் கணினியோடு இணைக்கும் முறை சோதனை நிலையில் வெளியாயிற்று. இம்முறையில் வலிய சில்லு படத்தை வரைந்து, அங்கேயே சுருக்கி, சாதாரண யூ.எஸ்.பி. கம்பி வழியே கோப்பு அனுப்புவதுபோல் அனுப்பும். ஹெட்செட் அதை விரித்துக் காட்டும். பட வெளியேற்றத் துளையே வேண்டியதில்லை. கிராணியின் மேசை என்ற பேச்சுக்கே இடமில்லை. 2021 ஏப்ரலில் கம்பியும் போய், வீட்டு வைஃபை வழியாகவே இவ்விணைப்பு நடந்தது. பழைய கேள்வி தீர்ந்தவுடன், "உங்கள் ரௌட்டர் எந்த அறையில் இருக்கிறது?" என்ற புதுக் கேள்வி பிறந்தது. திரைகளும் வளர்ந்துகொண்டே போயின. 2023-இல் வந்த குவெஸ்ட் 3-இல் இரு கண்களுக்கும் சேர்த்து ஏறத்தாழ 91 இலட்சம் புள்ளிகள். 2016-இன் ரிஃப்டில் இருந்தவை ஏறத்தாழ 26 இலட்சமே.

பெயர்க் குழப்பமும் திரும்பி வந்திருக்கிறது. முன்னிலும் மோசமாக என்பேன். மேசைக் கணினியின் ஆர்டிஎக்ஸ் 4090-இல் 16,384 உட்கூறுகள். அதே எண்ணோடு மடிக்கணினியில் வருவதில் 9,728. முன்னது 450 வாட் மின்சாரம் கொள்ளும். பின்னதற்கு மடிக்கணினி செய்பவர் தம் பெட்டியின் கனத்துக்கேற்ப 80 முதல் 150 வாட் வரை ஒதுக்கலாம். ஒரே பெயர்ப்பலகை தாங்கிய இரு மடிக்கணினிகளே ஒன்றுக்கொன்று ஒவ்வாத வலிமையோடு இருக்கக்கூடும் என்பது இதன் பொருள். வாங்குவோர் பெயரைக் கேட்பதோடு நில்லாமல், "எத்தனை வாட்?" என்றும் கேட்பது நலம். சுவரில் செருகாமல் மின்கலத்தில் மட்டும் ஓட்டினால் அந்த வாட்டும் கிடைக்காது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் மடிக்கணினி பல மாதம் அலமாரியில் கிடந்தது. ஒரு பள்ளி விடுமுறையில், கணினித் தொழிலில் இருக்கும் பழைய மாணவர் ஒருவர் பெற்றோரைப் பார்க்கத் தோட்டத்துக்கு வந்தவர், பள்ளிக்கும் வந்தார். என்விடியாவின் கட்டுப்பாட்டு நிரலில் ஒரு பக்கத்தைத் திறந்தார். எந்தத் துளை எந்தச் சில்லோடு இணைந்திருக்கிறது என்று அப்பக்கம் படமாகவே காட்டுகிறது. எச்.டி.எம்.ஐ. துளை எளிய சில்லோடு இருந்தது. இடப்பக்கத்தில் நாங்கள் கவனியாமல் விட்ட சிறிய யூ.எஸ்.பி.-சி துளையோ வலிய சில்லோடு நேரே இணைந்திருந்தது. "சார், கணினியில குறையே இல்ல, கம்பியை மாத்திக் குத்தணும், அவ்வளவுதான்" என்றார். அடுத்த வாரம் அவர் அனுப்பிய மாற்றுக் கம்பியைப் பொருத்தினோம். முதலில் இருட்டைக் கண்ட அதே மாணவிக்கே முதலில் மாட்டிவிட்டேன். அவள் ஒன்றும் பேசவில்லை. இரு கைகளையும் முன்னால் நீட்டி எதையோ தொட முயன்றாள்.

ஆசிரியை அவ்வாண்டு இறுதியிலேயே மாற்றலாகிச் சென்றிருந்தார். அடுத்த சங்கக் கூட்டத்தில் பழைய குறிப்பேட்டை எடுத்து வரச் சொன்னேன். ஏற்றுக்கொள்ளப்பட்ட குறிப்பைத் திருத்தலாமா என்று செயலாளர் தயங்கினார். திருத்தவில்லை, கீழே சேர்க்கிறேன் என்றேன். "சோதனை முறையாகவே செய்யப்பட்டது, இணைப்பு எந்தத் துளையில் என்பதை அச்சோதனை காட்டுவதில்லை, மேலே உள்ள குறிப்பு தவறானது" என்று எழுதி, நாளிட்டுக் கையொப்பமிட்டேன். அந்தப் பக்கத்தைப் படமெடுத்துப் புலனத்தில் அவருக்கு அனுப்பியுள்ளேன்.